பிளஸ் டூ முடித்ததும் சேஃப்டி டிப்ளமாவா?

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. தம்பி, அதாவது உங்கள் மகன், கணிதத்திலும் வேதியியலிலும் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறான். ஒரு வருட ‘ஃபயர் அண்ட் சேஃப்டி’ டிப்ளமாவில் சேர்த்தால் அடுத்த வருடமே வளைகுடாவில் ஆயில் கம்பெனி வேலை என்று ஒரு பயிற்சி நிலையத்தில் சொல்கிறார்கள், முன்பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாதீர்கள். சேஃப்டி நல்ல துறைதான், ஆனால் அதற்குள் போகிற வழி அது இல்லை.

ஆயில், கேஸ் ஆலைகளில் பாதுகாப்பு வேலை இரண்டு வகை. ஹெல்மெட், ஷூ, உயரத்தில் ஏறும்போது பெல்ட் என்று பார்த்து, ஆள் வழுக்கி விழாமல், கை நசுங்காமல் காப்பது ஒன்று. இதை ஒரு வருடத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். மற்றது பிராசஸ் சேஃப்டி. குழாய்க்குள்ளும் டேங்குக்குள்ளும் அழுத்தத்தில் இருக்கிற எண்ணெயும் வாயுவும் வெளியே வராமல் பார்ப்பது. அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து வெளியேற்றும் ரிலீஃப் வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கும், திரவ மட்டம் ஏறினால் எந்த அலாரம் அடிக்கும், அலாரம் அடிக்காமல் போனால் பம்பை எது நிறுத்தும் என்று ஆலையின் வரைபடத்தை விரித்து வைத்து ஒவ்வொரு குழாயாகக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஹாசாப் என்று சொல்கிறார்களே, அது இதுதான்.

அமெரிக்காவில் டெக்சாஸ் சிட்டி என்ற ஊரில் பிபி நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை 2005 மார்ச் 23 அன்று வெடித்து 15 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் அங்கே அடிபட்டவர்களின் கணக்கு நன்றாகக் குறைந்திருந்தது. நிர்வாகம் அந்தக் கணக்கைப் பார்த்தே திருப்திப்பட்டுக்கொண்டது. யூனிட்டை மறுபடி ஸ்டார்ட் செய்தபோது ஒரு கோபுரத்தில் திரவம் அளவுக்கு மேல் நிரம்பியது. மட்டம் காட்டும் கருவி தவறாகக் காட்டியது. யார் ஹெல்மெட் போட்டிருந்தார்கள் என்று பார்த்து இதைத் தடுத்திருக்க முடியாது.

வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடையின் கதையையும் தம்பிக்குச் சொல்லுங்கள். 1988 ஜூலை 6. பராமரிப்புக்காக ஒரு பம்பின் ரிலீஃப் வால்வைக் கழற்றி, அந்த இடத்தை ஒரு தகட்டால் மூடியிருந்தார்கள். பம்ப் வேலைக்கு ஒரு பர்மிட், அதாவது வேலையைத் தொடங்க எழுத்தில் தரும் அனுமதி, வால்வு வேலைக்குத் தனியாக இன்னொரு பர்மிட். ஷிஃப்ட் மாறும்போது வால்வு கழற்றிய செய்தி இரவு ஷிஃப்ட்டுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் நின்றுபோனதும் இதை ஓட்டினார்கள். வாயு கசிந்து தீப்பிடித்து 167 பேர் இறந்தார்கள். ஒரு பர்மிட் தாள் சரியான கைக்குப் போகாததன் விலை இது. சேஃப்டி வேலையில் சேர்கிறவனின் முதல் சில வருடங்கள் பெரும்பாலும் இந்தப் பர்மிட்டோடுதான் போகும். வெல்டிங் வைக்கும் முன் வாயு இருக்கிறதா என்று பார்ப்பது, டேங்குக்குள் ஆள் இறங்கும் முன் ஆக்சிஜன் அளப்பது, யாரும் தவறி இயக்கிவிடாதபடி இயந்திரத்துக்கு லாக் போட்டாயிற்றா என்று தானே போய்ப் பார்ப்பது. குவைத்தில் சேஃப்டி ஆபீசர் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பார் என்று உங்கள் அண்ணன் சொன்னாராம். பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் நேரத்தில் அவரைத் தேடினால் டேங்க் வாசலில் கேஸ் மீட்டரோடு நிற்பார்.

இந்த வேலைக்கு முதலில் ஆலையைத் தெரிய வேண்டும். அதனால்தான் தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கு வெறும் சேஃப்டி டிப்ளமா போதாது. பொறியியல் பட்டம் என்றால் ஆலையில் இரண்டு வருட மேற்பார்வை அனுபவம், பாலிடெக்னிக் டிப்ளமா என்றால் ஐந்து வருடம், அதற்கு மேல் அரசு அங்கீகரித்த தொழிற்பாதுகாப்புப் படிப்பு என்பதுதான் வழக்கமான தகுதி. அந்தப் படிப்பைச் சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிலையம் நடத்துகிறது. தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை உண்டு. தமிழ் வழியில் படித்தவன் என்று நீங்கள் வருத்தப்பட்டிருந்தீர்கள். இங்கே அது அனுகூலம். கூடவே பேச்சு இந்தியும் கற்றுக்கொள்ளட்டும், இப்போது கான்ட்ராக்ட் ஆட்களில் வடநாட்டவர் நிறையப் பேர்.

ஆகவே இப்போது பொறியியலில் கெமிக்கல், மெக்கானிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் இதில் ஒன்றைப் பாருங்கள். அவன் மதிப்பெண்ணுக்கு நான் கெமிக்கலைத்தான் சொல்வேன். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, வீட்டிலிருந்தே போய்வரலாம். நெபோஷ் என்ற பிரிட்டிஷ் சான்றிதழை வளைகுடாவில் மதிக்கிறார்கள் என்பது உண்மைதான். அதில் பிராசஸ் சேஃப்டிக்கென்றே தனித் தேர்வும் உண்டு. ஆனால் அனுபவம் இல்லாதவன் கையில் அது வெறும் தாள். வேலைக்குப் போய் இரண்டு மூன்று வருடம் கழித்து, சொந்தச் சம்பளத்தில் எழுதட்டும்.

வேலை எங்கே கிடைக்கும்? பெரியகுப்பத்தில் வரவிருந்த நாகார்ஜுனா ரிஃபைனரியை நம்பி எத்தனை பிள்ளைகள் படித்தார்கள் என்பது கடலூர்க்காரர்களுக்குத் தெரியும். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தது, அந்த ஆலை ஓடாமலே முடிந்தது. 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் நம் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஒன்றியங்களும் சேர்ந்திருப்பதால் அங்கே புதிய எண்ணெய்க் கிணறு வராது. எனவே ஒரு திட்டத்தை நம்பிப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கையில் இருப்பதைப் பாருங்கள்: குடிகாடு சிப்காட்டின் ரசாயன ஆலைகள், நெய்வேலி, காரைக்காலில் ஓஎன்ஜிசி. ரிஃபைனரியில் கேட்கிற அதே பர்மிட்டும் அதே ரிலீஃப் வால்வும் சிப்காட் ஆலையிலும் உண்டு. முதல் இரண்டு வருடம் அங்கே புரொடக்‌ஷனில் ஷிஃப்ட் பார்த்தவனை நான் தைரியமாக எந்த ரிஃபைனரிக்கும் அனுப்புவேன்.

உயிருக்கு ஆபத்தா என்று கேட்டீர்கள். ஆபத்து உண்டு. ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு எண்ணெய் வயலிலும் இருக்கும், சிப்காட் கழிவுநீர்த் தொட்டியிலும் இருக்கும். குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆள் சுருண்டு விழுவான். அவனைத் தூக்க, மூச்சுக் காற்று தரும் மாஸ்க் இல்லாமல் இறங்கும் இரண்டாவது ஆளும் அப்படியே போவான். இது தெரிந்தவனாகத் தம்பி அங்கே நிற்பான், அந்த அளவுக்கு அவனுக்கு ஆபத்து குறைவு. எனக்கு இருக்கும் பயம் வேறு. “உற்பத்தி நிற்கிறது, சீக்கிரம் கையெழுத்துப் போடு” என்று மேலே இருந்து ஒருவர் சொல்லும்போது, 22 வயதுப் பையன் “அளந்து பார்க்காமல் போட மாட்டேன் சார்” என்று சொல்வானா? அதை எந்த டிப்ளமாவும் தருவதில்லை. உங்கள் பிள்ளை எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

பொறியியல் செலவு தாங்காது என்றால் கடலூர் பெரியார் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சேர்க்கலாம். அந்த வழியில் ஐந்து வருட ஆலை அனுபவம் கேட்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அப்புறம், முன்பணம் ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீதை எடுத்துக்கொண்டு நாளைக்கே போய்த் திருப்பிக் கேளுங்கள். வகுப்பு தொடங்கிவிட்டால் தர மாட்டார்கள்.