வெறுங்கால், பூட்ஸ், தங்கம்: இந்தியக் கால்பந்து அணி பற்றி உங்கள் கேள்விகள்

நாற்பது ஆண்டுகளாக இந்திய அணியின் ஆட்டங்களைக் குறிப்பேடுகளில் எழுதிவைத்து வருகிறேன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவர், திருநெல்வேலி): ஐயா, 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றும், வெறுங்காலுடன் ஆடக் கூடாது என்று ஃபிஃபா சொன்னதால்தான் போகவில்லை என்கிறார்களே, உண்மையா?

பதில்: தம்பி, வந்த கேள்விகளில் பாதி இதுதான். இந்தக் கதையை நம்புவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

முதலில், எப்படித் தகுதி பெற்றோம்? ஓர் ஆட்டம்கூட ஆடாமல். நம் தகுதிச் சுற்றுப் பிரிவில் இருந்த பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் விலகிக்கொண்டன. பிரேசிலில் இத்தாலி, சுவீடன், பராகுவே ஆகியவற்றோடு நம்மையும் ஒரே பிரிவில் சேர்த்தார்கள். கப்பல் பயணம் நீண்டது, செலவு பெரியது. அதில் பெரும்பகுதியை ஏற்கப் போட்டியை நடத்தியவர்கள் முன்வந்தும் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் அணியை அனுப்பவில்லை. பயிற்சிக்கு நேரம் போதாது, வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் ஒற்றுமை இல்லை என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது வேறு ஒன்று. அன்றைய நம் நிர்வாகிகளின் கண்ணில் ஒலிம்பிக்தான் போட்டி. அதுவரை மூன்றே முறை நடந்திருந்த உலகக் கோப்பை அவர்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் காலத்து அணியின் தூணாக இருந்த சைலேன் மன்னாவும் பிற்காலத்தில் இதைத்தான் சொன்னார்.

பூட்ஸ் கதையை உடைக்க ஓர் எளிய கேள்வி போதும். 1950இல் வெறுங்கால் தடையாக இருந்திருந்தால், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நம் வீரர்கள் பலர் வெறுங்காலுடன் களமிறங்கியது எப்படி?

அந்த ஆண்டு போகாமல் இருந்தது நாம் மட்டும் அல்ல. பிரிட்டன் நாடுகள் தமக்குள் ஆடும் போட்டியில் முதலிடம் பெறவில்லை என்பதற்காக ஸ்காட்லாந்து போகவில்லை, துருக்கியும் விலகியது. கடைசியில் 13 அணிகளே ஆடின. ஆனால் அவர்களுக்கெல்லாம் பிறகு வாய்ப்பு வந்தது. நமக்கு வரவில்லை. அதனால்தான் இந்த முடிவை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. பழியைக் கால்மேல் போடுவது, முடிவெடுத்த மேசையைத் தப்பவிடுவதாகும்.

கேள்வி (ஆசிரியை, ஈரோடு): அப்படியானால் வெறுங்காலுடன் ஆடியதே கட்டுக்கதையா?

பதில்: இல்லை அம்மா, அது முழு உண்மை. 1911இல் கல்கத்தாவின் மோகன் பகான் அணி, பிரிட்டிஷ் இராணுவத்தின் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயம் என்ற கோப்பையை எடுத்தபோதே, ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்கால்தான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக ஆடிய நம் அணியிலும் பெரும்பாலோர் அப்படித்தான் ஆடினார்கள். அந்த ஆட்டத்தில் இரண்டு பெனால்டிகள் கிடைத்தன; இரண்டையும் தவறவிட்டோம். சாரங்கபாணி ராமன் கோல் அடித்துச் சமன் செய்ய, ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் மறு கோல் போட்டு 2-1 என்று வென்றது. அணித்தலைவர் தாலிமெரென் ஆவோ, நாகா மலையிலிருந்து வந்த மருத்துவர்.

வெறுங்கால் ஆட்டம் எப்படி இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். சிறுவயதில் எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் ஆடினோம். கணுக்காலைச் சுற்றி இறுக்கமாகத் துணி கட்டிக்கொள்வோம். பந்து பெருவிரலுக்கும் பாதத்தின் உட்புறத்துக்கும் இடையே வந்து படியும்போது, அது எந்தப் பக்கம் உருளப் போகிறது என்பதைத் தோலே சொல்லிவிடும். காய்ந்த தரையில் அதற்கு இணை கிடையாது. ஆனால் மழை வந்துவிட்டால் தோல் பந்து தண்ணீரைக் குடித்துக் கல்லாகக் கனக்கும். ஓடும் கால் வழுக்கும். ஹெல்சிங்கிக் குளிரில் யூகோஸ்லாவியா நமக்கு 10 கோல் போட்டது; அகமது கான் அடித்த ஒன்றுதான் நம் கணக்கு. அதற்குப் பிறகுதான் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது.

கேள்வி (வங்கி ஊழியர், கோவை): 1956 மெல்போர்னில் நான்காம் இடம் என்று பெருமைப்படுகிறோம். ஆடியதே 11 அணிகள்தானே சார்? ஹங்கேரி வராததால் முதல் சுற்றும் சும்மா கிடைத்தது.

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டும் சரி. மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கால்இறுதியை யாரும் சும்மா கொடுக்கவில்லை. ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4-2 என்று வென்றோம். நெவில் டிசூசா ஹாட்ரிக். ஒலிம்பிக் கால்பந்தில் ஆசியர் ஒருவர் அடித்த முதல் ஹாட்ரிக் அது. நான்காவது கோல் கிருஷ்ணசாமி கிட்டுவுடையது. அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணியும் நாமே.

அரையிறுதியைக் கவனியுங்கள். எதிரே மறுபடியும் அதே யூகோஸ்லாவியா, நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்துக் கோல் போட்டவர்கள். இடைவேளை வரை கோலே இல்லை. பிறகு டிசூசா அடித்து நாம் முன்னிலை பெற்றோம். அந்த முன்னிலை சில நிமிடங்களே நீடித்தது. 4-1 என்று தோற்றோம். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0. ஆனாலும் நான்கு கோல்களுடன் டிசூசா அந்தப் போட்டியில் அதிகக் கோல் அடித்தவர்களில் ஒருவராக நின்றார். 10-1 என்று தோற்ற அணி நான்கே ஆண்டுகளில் அதே எதிரிக்கு எதிராக முன்னிலை பெற்றது என்றால், நடுவில் யாரோ உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார் என்று பொருள்.

கேள்வி (அவரே): யார் அவர்?

பதில்: சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியை நாட்டின் தலைசிறந்த அணிகளில் ஒன்றாக வளர்த்தார். 1950இல் தேசிய அணியை ஏற்று, 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டிலேயே தங்கம் வாங்கிக் கொடுத்தார். இறுதி ஆட்டத்தில் மேவாலால் அடித்த ஒரே கோலில் ஈரானை வென்றோம். ஹங்கேரி அணி அப்போது ஆடிய முறையை உன்னிப்பாகப் பார்த்து, மைய முன்கள வீரரைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து ஆடவைக்கும் உத்தியை இங்கே கொண்டுவந்தார். சிறுவர்களுக்கு, பலவீனமான காலால் மட்டுமே ஆட வேண்டும் என்ற விதியோடு போட்டிகள் நடத்தினார். பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டக் கூடாது, வந்த வேகத்தில் தள்ளிவிட வேண்டும் என்ற விதியோடும் நடத்தினார். இந்திய அணியின் வரலாற்றில் ஒரே ஒருவரைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் நான் இவரைத்தான் சொல்வேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், திருச்சி): 1962 ஜகார்த்தா இறுதி ஆட்டம் பற்றி என் அப்பா அடிக்கடி சொல்வார். என்னதான் நடந்தது?

பதில்: உங்கள் அப்பா சொல்லிக்கொண்டே இருந்ததில் வியப்பில்லை, ஐயா.

அது ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று தோற்றோம். அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றபோது, தடுப்பாட்டத்தின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டது. ஆறு தையல். பின்வரிசையில் நின்று பந்தைத் தலையால் முட்டித் தள்ள வேண்டியவர். இனி என்ன செய்வது? ரஹீம் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. அரையிறுதியில், தலைக்கட்டோடு, மைய முன்கள வீரராக இறக்கினார். தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் கோல் அடித்தார். 3-2 என்று வென்றோம்.

இறுதி ஆட்டம் செப்டம்பர் 4. மீண்டும் தென் கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்த்துக்கொள்ளாததை இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி கண்டித்திருந்தார். அந்தக் கோபத்தில் அரங்கம் முழுவதும் நமக்கு எதிராகக் கூச்சலிட்டது. காய்ச்சலில் கிடந்த பீட்டர் தங்கராஜை ரஹீம் கோலுக்கு முன்னால் நிறுத்தினார். 17ஆவது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி ஒரு கோல். மூன்று நிமிடம் கழித்து, அதே கட்டுப்போட்ட தலையோடு ஜர்னைல் சிங் இன்னொன்று. கொரியா கடைசியில் ஒன்று திருப்பியது. 2-1. அணித்தலைவர் சுனி கோஸ்வாமி தங்கம் வாங்கினார்.

ரஹீம் அப்போதே புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு ஜூனில் காலமானார்.

கேள்வி (இல்லத்தரசி, ஊட்டி): அண்ணா, அந்த அணியில் தமிழர்கள் இருந்தார்களா?

பதில்: இருந்தார்கள், தங்கச்சி. துளசிதாஸ் பலராம் செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பயிற்சிக்கு ஹைதராபாத் வரை வந்துபோக அவருக்குக் கையில் காசில்லை. ரஹீம்தான் சைக்கிளுக்கு ஏற்பாடு செய்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக ஒன்று, பெருவுக்கு எதிராக ஒன்று என்று கோல் அடித்தார். இந்தியா ஆடிய கடைசி ஒலிம்பிக் கால்பந்து அதுதான். அதில் பிரான்சோடு 1-1 என்று சமனும் செய்தோம்.

தங்கராஜ் உங்கள் பக்கத்து ஊர்க்காரரைப் போலத்தான். வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணிக்கு ஆடியவர். அந்த அணி 1955இலும் 1958இலும் நாட்டின் மிகப் பழைய கால்பந்துப் போட்டியான டூராண்ட் கோப்பையை வென்றது. அவர் முதலில் முன்களத்தில் ஆடியவர், பிறகுதான் கோல்கீப்பரானார் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

கேள்வி (பொறியாளர், பெங்களூரு): 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் என்கிறார்களே?

பதில்: உண்மைதான், ஆனால் அளவோடு சொல்லுங்கள். இஸ்ரேலில் நடந்ததால் பல நாடுகள் விலகின. தகுதிச் சுற்றில் நாம் ஆடவே இல்லை. நான்கு அணிகள் ஒன்றோடொன்று மோதின. தென் கொரியாவை 2-0, ஹாங்காங்கை 3-1 என்று வென்று, இஸ்ரேலிடம் 2-0 என்று தோற்றோம்.

கேள்வி (பத்திரிகைத் துறை மாணவி, சென்னை): இவ்வளவு இருந்தும் ஏன் சரிந்தோம்?

பதில்: ஜப்பானைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். 1962இல் அவர்களை 2-0 என்று வென்றோம். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலத்துக்கான ஆட்டத்திலும் 1-0 என்று வென்றோம். ஆனால் அவர்கள் 1960இலேயே டெட்மார் கிராமர் என்ற ஜெர்மானியப் பயிற்சியாளரை அழைத்துவந்திருந்தார்கள். 1965இல் தேசிய லீக் தொடங்கினார்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார்கள். நமக்குத் தேசிய லீக் வந்தது 1996இல். முப்பத்தோர் ஆண்டு இடைவெளி! ரஹீம் போன பிறகு அவர் செய்ததை எழுதிவைத்து அடுத்தவருக்குக் கொடுக்க ஓர் அமைப்பு இல்லை. உள்ளூரில் பல ஆண்டுகள் 70 நிமிட ஆட்டமே நடந்தது. வெளிநாட்டில் 90 நிமிடம் ஓட வேண்டியிருந்தபோது கடைசி இருபது நிமிடத்தில் மூச்சு வாங்கியது. திறமை வற்றிவிட்டது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (பள்ளி மாணவர், தஞ்சாவூர்): அதன் பிறகு ஆசியக் கோப்பையில் எப்படி ஆடினோம்?

பதில்: நான்கு முறை போனோம், நான்கு முறையும் முதல் சுற்றோடு திரும்பினோம். 1984 சிங்கப்பூரில் ஈரானோடு 0-0 என்ற சமன் ஒன்றே ஆறுதல். 2011 தோஹாவில் மூன்று ஆட்டங்களில் 13 கோல் வாங்கினோம். 2019இல்தான் நெஞ்சு நிமிர்ந்தது: தாய்லாந்தை 4-1 என்று வென்றோம், சுனில் சேத்ரி இரண்டு கோல். கடைசி ஆட்டத்தில் பஹ்ரைனுக்கு எதிராக ஒரு சமன் எடுத்திருந்தால் அடுத்த சுற்று. 90 நிமிடம் தாங்கினோம். வீணான நேரத்துக்கு ஈடாகச் சேர்த்த நிமிடங்களில் ஒரு பெனால்டி, எல்லாம் போயிற்று. அன்றிரவு நான் சாப்பிடவில்லை. 2024 ஜனவரியில் கத்தாரில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. 2027 போட்டிக்குத் தகுதியே பெறவில்லை.

கேள்வி (வாசகர், யாழ்ப்பாணம்): 1995இல் கொழும்பில் இலங்கை இந்தியாவை வென்றதைக் குறிப்பிடுவீர்களா?

பதில்: தாராளமாக. தெற்காசியப் போட்டியின் இறுதி ஆட்டம், கூடுதல் நேரத்தில் தங்க கோல் (முதலில் அடிப்பவருக்கே வெற்றி, ஆட்டம் அங்கேயே முடியும்), 1-0. அந்தப் போட்டியை இந்தியா ஒன்பது முறை வென்றிருக்கிறது. இலங்கை வென்றது அந்த ஒரு முறை. உங்கள் ஊர்க்காரர்கள் அதைக் கொண்டாடுவதில் முழு நியாயம் இருக்கிறது.

கேள்வி (கால்பந்து வீராங்கனை, கடலூர்): பெண்கள் அணியைப் பற்றி யாருமே கேட்கவில்லையா ஐயா?

பதில்: நீங்கள்தான் முதல் ஆள், அம்மா. பெண்கள் அணி ஆசியப் போட்டியில் இரண்டு முறை இரண்டாம் இடம் பெற்றிருக்கிறது. அதில் முதலாவது கோழிக்கோட்டில். 2025 ஜூலையில் சியாங் மாய் நகரில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். தகுதிச் சுற்று ஆடி அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் முறை. ஆண்கள் அணி தடுமாறிய அதே ஆண்டில்.

கேள்வி (ஆட்டோ ஓட்டுநர், வியாசர்பாடி): என் பையனுக்கு எட்டு வயது. வெறுங்காலோடுதான் ஆடுவேன் என்று அடம்பிடிக்கிறான். பூட்ஸ் வாங்கிக் கொடுக்கவா, விட்டுவிடவா?

பதில்: வாங்கிக் கொடுங்கள். எதிராளியின் பூட்ஸ் அவன் விரல்மேல் ஏறினால் ஒரு மாதம் வீட்டில் உட்கார வேண்டியிருக்கும். விலை அதிகம் வேண்டாம், கால் வளரும் வயது. முன்விரலுக்கு முன்னால் அரை விரற்கடை இடம் இருந்தால் போதும். வீட்டு வாசலில் தனியாகப் பந்தைத் தட்டிப் பழகும்போது மட்டும் வெறுங்காலுடன் விட்டுவிடுங்கள். அவன் வலது காலால் உதைப்பவன் என்றால், வாரத்தில் ஒரு நாள் முழுக்க இடது காலால் மட்டும் ஆடச் சொல்லுங்கள். முதல் நாள் அழுவான். மூன்றாவது வாரம் எனக்கு எழுதுங்கள்.