உழவனுக்கு நல்ல துணி கொடுக்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடக்கும் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏழை உழவர்கள் முரட்டுக் கம்பளி மட்டும்தான் உடுத்தலாம் என்று 1363ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அப்படியானால் என் கதையில் வரும் உழவனுக்கு நீலச் சாயம் போட்ட நல்ல துணி கொடுத்தால் தப்பா?
— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகக் கொடுங்கள். மூன்றாம் எட்வர்ட் காலத்துச் சட்டம் அது. 40 ஷில்லிங் பெறுமான உடைமைகூட இல்லாத ஏரோட்டி, வண்டிக்காரன், ஆடு மேய்ப்பவன் எல்லாரும் 12 பென்ஸ் மட்டக் கம்பளியைத்தான் உடுத்த வேண்டும் என்று அதில் இருப்பது உண்மைதான். ஆனால் யாருமே செய்யாத காரியத்துக்கு எவனாவது தடை போடுவானா? 1348-49 கொள்ளைநோயில் ஆட்கள் செத்துக் குறைந்து, மிஞ்சியவர்களின் கூலி ஏறி, கையில் கொஞ்சம் காசு புழங்கிய காலம். கண்டவனெல்லாம் தகுதிக்கு மீறி உடுத்துகிறான் என்று நாடாளுமன்றத்தில் புலம்பினார்கள், சட்டம் வந்தது, அடுத்த நாடாளுமன்றம் கூடியபோது அதை ரத்தும் செய்துவிட்டார்கள். ஆக, அது மேல்தட்டின் எரிச்சலைப் பதிவு செய்த காகிதம். 1463இல் பிரபுக்களுக்குக் கீழே உள்ளவர்களின் காலணி மூக்கு 2 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று போட்ட சட்டமும் இதே ரகம்தான்.

புகழ்ச்சியையும் அப்படியே நம்பாதீர்கள். 8-9ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட பிராங்க் இன அரசர் சார்லமேனைப் பற்றி எழுதிய அவரது அரசவை அறிஞர் ஐன்ஹார்ட், அரசர் லினன் சட்டை, பட்டுக்கரை வைத்த மேலங்கி, குளிர்காலத்தில் நீர்நாய்த் தோல் அணிந்தார், சாதாரண நாட்களில் அவர் உடைக்கும் மக்கள் உடைக்கும் பெரிய வித்தியாசமில்லை என்கிறார். அப்புறம் அதே பத்தியிலேயே பண்டிகை நாளில் பொன்னிழை உடை, ரத்தினம் பதித்த காலணி! எளிமையான பிராங்க் அரசர் என்று காட்டும் ஆசை ஐன்ஹார்ட்டுக்கு.

நான் நம்புவது உயில்களையும் அரண்மனைக் கணக்கேடுகளையும். எத்தனை முழத் துணி, உள்ளே என்ன ரோமம் வைத்துத் தைத்தது என்று எழுதுகிற கணக்குப்பிள்ளைக்கு யாரையும் புகழவோ திட்டவோ வேண்டியதில்லை. உயில்களில் எஜமானிகள் தங்கள் பழைய அங்கியை வேலைக்காரிக்கு எழுதி வைப்பது சகஜம். லண்டனில் பழைய துணி வியாபாரிகளும் இருந்தார்கள். உங்கள் ஆளுக்கு நீலத் துணி வந்த வழி அதுவாகவே இருக்கட்டும்: யாரோ உடுத்திக் கழித்தது, முழங்கையில் ஒட்டுப் போட்டது, தோளில் கொஞ்சம் தொளதொள.

பட்டு மட்டும் வேண்டாம்.