கார் ரேடார் டிடெக்டர் எத்தனை மைலுக்கு முன்பே எச்சரிக்கும்? அதை நாமே சோதிக்க முடியுமா?

போலீஸ் வேகம் அளக்கும் ரேடார் அலையை மோப்பம் பிடித்து 'பீப்' என்று கத்தும் கருவிதான் டிடெக்டர். சோதிக்க முடியும். செய்து பார்த்திருக்கிறேன். ஆனால் முதலில் கிடைக்கும் எண்ணை நம்பிவிடாதீர்கள்.

நான் இருப்பது அரிசோனாவில். இங்கே சொந்தக் காரில் டிடெக்டர் வைக்கத் தடையில்லை. (வர்ஜீனியா, வாஷிங்டன் டி.சி. பக்கம் போனால் கவனம், அங்கே சட்டவிரோதம்.)

சோதிக்க, வேகம் அளக்கும் போலீஸ் ரேடார் கன்னுக்கு எங்கே போவது? சாலையோரத்தில் நம் வேகத்தைக் காட்டும் மின்பலகை இருக்கிறதே, அதற்குள்ளும் ஒரு குட்டி ரேடார்தான். பெரும்பாலும் கே பேண்ட் என்ற அலைவரிசை, 24 கிகாஹெர்ட்ஸை ஒட்டியது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு நானும் மனைவியும் கிளம்பினோம். தொலைவிலிருந்து நான் ஓட்டி வருவேன். முதல் பீப் கேட்டதும் அவள் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குவாள். பலகையைத் தாண்டும்போது எவ்வளவு என்று நோட்டில் குறிப்பாள். அவ்வளவுதான் ஆய்வுக்கூடம்.

முதல் ஓட்டத்தில் 1.6 மைல்! எனக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பவும் வந்தபோதுதான் தெரிந்தது, கத்தியது வழியிலிருந்த மருந்துக்கடையின் தானியங்கிக் கதவைப் பார்த்து. அதுவும் கே பேண்ட். பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரியாத வண்டியைக் காட்டித்தர பல கார்களில் இருக்கும் பிளைண்ட் ஸ்பாட் சென்சாரும் அப்படியே. அந்த இடத்தைக் கழித்து ஐந்து முறை ஓட்டியதில் 0.9 மைலை ஒட்டியே வந்தது. டிடெக்டரை கண்ணாடியின் அடியிலிருந்து எடுத்து ரியர்வியூ பக்கம் மேலே ஒட்டிய பிறகு கிடைத்த எண் அது. கீழே இருந்தபோது 0.6தான்.

அப்புறம் பள்ளிக்கூடம் பக்கம், வளைவு தாண்டி நிற்கும் இன்னொரு பலகையிடம் போனோம். அதே டிடெக்டர், அதே இடத்தில் ஒட்டியது. 0.2 மைல். நடுவில் ஒரு மதிலும் நாலு வீடும்.

பாலைவன நெடுஞ்சாலைச் சோதனைகளில் பல மைல் வருவதில் பொய் இல்லை. கன்னுக்கு அலை காரில் பட்டுத் திரும்பி வரவேண்டும், அதனால் சிக்னல் தூரத்தின் நான்காம் படியில் தேய்கிறது. டிடெக்டருக்கு ஒரு வழிப் பயணம்தான், இரண்டாம் படியோடு சரி. எனவே கன் ஓடிக்கொண்டிருந்தால் டிடெக்டர் முந்திக்கொள்ளும். ஆனால் 75 மைல் வேகத்தில் ஒரு மைல் கடக்க 48 நொடி ஆகிறது. பிரேக்கில் கால் வைக்கப் பத்து நொடி போதும். நேர்சாலையில் மூன்று மைலா ஐந்து மைலா என்பதில் என்ன இருக்கிறது?

உணர்திறன் கைகொடுப்பது வேறு இடத்தில். பல போலீஸார் கன்னை ஓயாமல் ஓடவிடுவதில்லை. அணைத்து வைத்திருந்து, கார் நெருங்கியதும் ஒரு நொடி தட்டுவார்கள். உங்களைக் குறிவைத்துத் தட்டினால் பீப் வரும்போதே வேகம் பதிவாகியிருக்கும். உங்களுக்கு ஒரு மைல் முன்னால் போகிறவரைத் தட்டும்போது சிதறி வரும் மெல்லிய அலையை டிடெக்டர் பிடித்தால்தான் தப்பலாம். அதனால் வளைவிலும் மேட்டுக்கு அந்தப் பக்கமும் சோதியுங்கள், அங்கே 0.2 என்பது 0.4 ஆனால் அதுதான் நல்ல கருவி. பலகையை வைத்து கே பேண்டை மட்டும்தான் அறியலாம். நெடுஞ்சாலைப் போலீஸ் கன்களில் அதிகம் புழங்குவது கே.ஏ. பேண்ட் என்ற வேறு அலைவரிசை, 33.8, 34.7, 35.5 கிகாஹெர்ட்ஸ். ரேடாருக்குப் பதில் லேசரால் வேகம் அளக்கும் கன்னுக்குத் தூரச் சோதனையே வீண்.

முன்னால் கார் இல்லையென்றால் எந்த டிடெக்டரும் ஒன்றும் செய்யாது. ஐ-8 நெடுஞ்சாலையில் கீலா பெண்ட் ஊரைத் தாண்டி, இரவு பதினொரு மணி, கண்ணுக்கெட்டியவரை என் விளக்கு மட்டும்தான். பீப் சத்தமும் பின்னால் சிவப்பு நீல வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. போலீஸ்காரர் 84 மைல் வேகம் என்று எழுதிக் கொடுத்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்ததை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.