குப்பைக் கிடங்குக்கு அருகே உள்ள கிணற்று நீரில் ஈயம், காட்மியம் எப்படி வருகின்றன?

ஈயம், காட்மியம், பாதரசம் போன்ற கன உலோகங்கள் மிகச் சிறிய அளவிலேயே உடலைக் கெடுக்கக் கூடியவை. பழைய பேட்டரி, மின்னணுச் சாதனம், பெயின்ட், குழல்விளக்கு வழியாக இவை கிடங்குக்கு வந்து சேர்கின்றன.

சரி, அங்கிருந்து கிணற்றுக்கு? சாயம் போகும் துணியை ஊறப்போட்டால் தண்ணீர் நிறம் மாறுமே, அதே கதைதான். குப்பைக்குள் இறங்கும் மழைநீர் உலோகங்களைக் கரைத்துக்கொண்டு கசிவுநீராக அடியில் வெளியேறுகிறது. மட்கும் கழிவு அழுகத் தொடங்கும் கட்டத்தில் அமிலம் உண்டாவதால், அப்போது இன்னும் அதிகம் கரையும். களிமண் இவற்றை ஓரளவு பிடித்து வைக்கும். மணற்பாங்கான நிலம் எளிதில் விட்டுவிடும்.

அடியில் தடுப்பு விரிப்பு இல்லாத பழைய கிடங்குகளை நினைத்தால்தான் எனக்குக் கவலை. இலை தழை மாதிரி உலோகம் மட்கி மறையாது. கிடங்கை மூடிப் பல பத்தாண்டுகள் ஆனாலும் மண்ணிலேயே கிடக்கும். குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான். அவ்வளவு நுண்ணிய அளவை நிறமோ வாசனையோ காட்டிக்கொடுக்காது, ஆய்வகப் பரிசோதனைதான் வழி.

அப்புறம், கொதிக்க வைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள்: கொதிநிலை கிருமியைக் கொல்லும், உலோகத்தை நீக்காது, தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய மீதியில் அதன் செறிவு கூடத்தான் செய்யும்.