ஜிலேபி மீனுக்கு ரிகர்வ் வில் போதுமா?

வணக்கம். ஓமலூர் அருகே உறவினரின் பண்ணைக் குட்டையில் ஜிலேபி மீன்களை அம்பெய்து பிடிக்க, கையிலுள்ள 35 பவுண்டு இழுவிசை கொண்ட ரிகர்வ் வில் (முனைகள் வெளிப்புறம் வளைந்த வில்) போதுமா, காம்பவுண்டு வில் (கப்பிகள் பூட்டிய வில்) வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆழமில்லாத நீருக்கு அந்த வில்லே தாராளம்; பணத்தை அம்புக்கு ஒதுக்குங்கள். இறகில்லாத, கனமான ஃபைபர் கிளாஸ் அம்பும் மீன் நழுவாத முள்முனையும் வேண்டும். அம்பில் கட்டிய கயிற்றைச் சுற்றிவைக்க வில்லில் பொருத்தும் ரீலில், கையால் சுற்றும் எளிய உருளையே மலிவானது, பழுதாகக்கூடிய பாகங்களும் அதில் அதிகமில்லை. ஆனால் கயிற்றை அம்பின் பின்முனையில் கட்டாமல், தண்டின்மீது நகரும் பாதுகாப்பு வளையத்தில் கட்டுவதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கயிறு நாணில் சிக்கிக்கொண்டால், அம்பு எய்தவரை நோக்கியே திரும்பிவரக்கூடும். ஒளிவிலகலால் மீன் உள்ளதைவிட மேலே தெரியும், குறியைத் தாழ்த்துங்கள். மேட்டூர் நீர்த்தேக்கத்துக்குச் செல்வதாயின், மீன்வளத் துறையிடம் முதலில் அனுமதி கேளுங்கள்.