பேக்கப்பை அழிப்பது யார் வேலை? கேள்வி-பதில்

ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகக் கம்பெனி. ஆரக்கிள் டேட்டாபேஸின் பேக்கப் கருவியான ஆர்மேனில் 30 நாள் ரெக்கவரி விண்டோ (கடந்த 30 நாளில் எந்த நேரத்துக்கும் திரும்ப முடிய வேண்டும் என்ற விதி). ஞாயிறுதோறும் முழு பேக்கப். பேக்கப்பை டேப்பில் வைக்கும் சாஃப்ட்வேர் அதை 14 நாளில் அழித்துவிடுகிறது. 20 நாள் பழைய பேக்கப் ஆர்மேன் பட்டியலில் 'அவைலபிள்' என்றே இருக்கிறது, ரீஸ்டோர் மட்டும் ஆகவில்லை.

டேப்பில் அழிந்த சேதி ஆர்மேனுக்குத் தானாகப் போகாது. பட்டியலை டேப்போடு ஒப்பிடும் கிராஸ்செக் கட்டளையை ஓட்டுங்கள், காணாமல் போனவை 'எக்ஸ்பயர்ட்' என்று மாறும். ('ஆப்சலீட்' வேறு. பேக்கப் பத்திரமாக இருக்கும், விதிப்படி இனி தேவையில்லை, அவ்வளவுதான்.)

அழிக்கும் அதிகாரம் ஆர்மேனிடம் மட்டும் இருக்கட்டும். டேப் பக்கம் அதைவிட நீளமான கெடு வையுங்கள். அதற்காக 30 என்று போட்டால் மறுபடி மாட்டுவீர்கள். 30 நாளுக்கு முந்தைய ஒரு சனிக்கிழமைக்குத் திரும்ப, அதற்கும் முந்தைய ஞாயிறு பேக்கப்பும் அன்று முதலான ஆர்கைவ் லாகும் (மாற்றங்களின் பதிவு) வேண்டும். அதுவே 36 நாள் ஆகிவிடுகிறது. ஒரு ஞாயிறு பேக்கப் தவறினாலும் தாங்க 45 போடுங்கள். ரெக்கவரி கேட்டலாக் (பேக்கப் விவரங்களைத் தனியாக வைக்கும் டேட்டாபேஸ்) இல்லையென்றால், ஆரக்கிளின் கன்ட்ரோல் ஃபைலில் பேக்கப் பதிவுகள் நிற்கும் காலத்தையும் 45 ஆக்குங்கள். அதன் டீஃபால்ட் வெறும் 7.

தருமபுரியில் மருத்துவமனை. எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை லாக் பேக்கப் (அதுவரை நடந்த மாற்றங்களின் பதிவு). இரவில் விஎம் (மெய்நிகர் கணினி) பேக்கப்பும் சேர்த்த பிறகு, ரீஸ்டோர் நள்ளிரவோடு நின்றுவிடுகிறது.

விஎம் சாஃப்ட்வேரும் லாகில் கை வைக்கிறது. அந்த நேரத்துத் துண்டு உங்கள் வரிசையில் இல்லை. அதில் லாக் வேலையை அணைத்து 'காபி ஒன்லி'யாக (உங்கள் பேக்கப் வரிசையைத் தொடாத பிரதியாக) மாற்றுங்கள். டிஃபரென்ஷியலும் (கடைசி முழு பேக்கப்புக்குப் பிந்தைய மாற்றங்கள் மட்டும்) எடுப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

பாலக்கோட்டிலிருந்து: போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், மாதம் ஒரு பேஸ் பேக்கப் (முழு பிரதி). 7 நாள் தாண்டிய வால் ஃபைல்களை (மாற்றங்களின் பதிவு) கிரான் (நேரம் வைத்துத் தானாக ஓடும் வேலை) அழிக்கிறது. சரியா?

சரியில்லை. அதிலிருந்து முன்னே நகர வேண்டிய வால் ஃபைல்கள் அழிவதால், எட்டாம் நாளே அந்த பேஸ் பேக்கப் செல்லாக்காசு. கிரானை இன்றே நிறுத்துங்கள். பார்மன் போல இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கும் கருவியிடம் விடுங்கள்.

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் கம்பெனி, பிரைவேட் லிமிடெட். கணக்கை 8 வருடம் வைக்கணும் என்கிறார் ஆடிட்டர். எல்லா பேக்கப்பையும் வைக்கணுமா?

வேண்டாம். 2013 கம்பெனிச் சட்டம் 128-வது பிரிவு கேட்பது கணக்குப் புத்தகத்தை. தினசரி பேக்கப்பை 8 வருடம் சேர்க்கச் சொல்லவில்லை. ஆனால் மின்னணுக் கணக்குக்குத் தினமும் பேக்கப் எடுத்து இந்தியாவிலுள்ள சர்வரில் வைக்க வேண்டும். மார்ச் 31 கணக்கு முடிந்ததும் ஒரு முழு பிரதியைத் தனி இடத்தில், எந்த சாஃப்ட்வேரின் அழிப்பு விதியும் தொடாதபடி வையுங்கள். கூடவே லெட்ஜரை பிடிஎஃப்பாகவும் எடுத்துவிடுங்கள். 2034-ல் இன்றைய வெர்ஷனைத் தேடிப் போட்டுத் திறக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? இந்த மாற்றங்களை மாம்பழ சீசன் முடிந்து, ஆலை ஓய்ந்த பிறகு செய்யுங்கள்.