ட்ரை கிளீனிங் போய் வந்த கூறைச் சேலை: சேதத்துக்கு யார் பொறுப்பு?

கேள்வி: அட்டனில் இருக்கிறோம். மகளின் கூறைச் சேலையைக் கல்யாணம் முடிந்த கிழமையே டவுனில் உள்ள லோண்டரியில் ட்ரை கிளீனிங்குக்குக் கொடுத்தோம். கொழும்புக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். மூன்று கிழமை கழித்து வந்தபோது கொசுவப் பக்கத்தில் முன்பு இல்லாத பழுப்புத் திட்டுகள், முந்தானையில் தேய்த்தது போல ஒரு வெளிறல், சரிகையில் மங்கல், சேலை முழுக்கப் பெற்றோல் வாடை. கேட்டால் பில்லின் பின்பக்கத்தைக் காட்டுகிறார்கள்: “சேதங்களுக்கு நாம் பொறுப்பல்ல.” என்ன செய்யலாம்?

பதில்: வீட்டில் தண்ணீர் தொட்டுத் துடைக்காதீர்கள், அயன் வைக்காதீர்கள். இரண்டுமே கறையை இறுக்கிவிடும். யார் கைபட்டு வந்த சேதம் என்பதற்கான சாட்சியும் அதோடு போய்விடும். பொலித்தீன் உறையைக் கழற்றி, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரமாக விரித்துப் படம் எடுங்கள். முழுச் சேலைக்கு ஒரு படம், ஒவ்வொரு சேதத்துக்கும் பக்கத்தில் அடிமட்டம் வைத்து ஒரு படம். பில்லையும் இரண்டு பக்கமும் எடுத்துவையுங்கள்.

வாடைதான் இருப்பதிலேயே சின்னப் பிரச்சினை. மெஷினில் துணி தண்ணீருக்குப் பதிலாகக் கரைப்பான் என்ற இரசாயனத் திரவத்தில் அலசப்பட்டு, பிறகு சூடான காற்றில் காய்கிறது. காய வைக்கும் நேரத்தைச் சுருக்கினால் கரைப்பான் துணியில் மிஞ்சும். பெற்றோல் போல மணந்தால் அது ஹைட்ரோகார்பன் வகை. லேசான இனிப்பு வாடை என்றால் பெர்குளோரோஎத்திலீன். தொழிலில் ‘பெர்க்’ என்பார்கள். ஆட்கள் படுக்காத அறையில், அடுப்புக்கும் ஹீட்டருக்கும் தூரமாக, ஜன்னலைத் திறந்து நிழலில் தொங்கவிடுங்கள். உங்கள் பக்கத்தில் பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடும் என்பதால் காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை மட்டும் போதும். இரண்டு நாளில் போகாவிட்டால் திரும்பக் காயவைத்துத் தரும்படி கேளுங்கள். அதற்குக் காசு கேட்பது நியாயமில்லை. பெற்றோலாக இல்லாமல் பழைய எண்ணெய் போலச் சிக்கு வாடை அடித்தால், அழுக்கான கரைப்பானையே திரும்பத் திரும்பப் பாவித்திருக்கிறார்கள். வெள்ளைப் பகுதிகள் சாம்பல் பூத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பழுப்புத் திட்டுகளில்தான் பெரும்பாலான சண்டைகள் தொடங்குகின்றன. “கொடுக்கும்போது இல்லை” என்று வாடிக்கையாளர் சொல்வதும் உண்மை, “நாங்கள் ஒன்றும் ஊற்றவில்லை” என்று கடைக்காரர் சொல்வதும் உண்மை. சோடா, சர்பத், இளநீர், பாயசம் எதுவானாலும் சீனி கலந்தது பட்டில் சிந்திக் காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. கரைப்பான் எண்ணெயைக் கரைக்கும், சீனியைக் கரைக்காது. காயவைக்கும் சூட்டிலும் அயன் சூட்டிலும் அந்தச் சீனி பழுப்பாகி வெளியே தெரிகிறது. திட்டின் ஓரத்தை நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். விறைப்பாக இருந்து, சுரண்டிய இடம் வெள்ளையாகப் பொரிந்தால் சீனி என்று கொள்ளலாம். விறைப்பில்லாமல், நடு வெளிறி ஓரம் மட்டும் கோடு கட்டியிருந்தால் அது தண்ணீர் வளையம்; நனைந்த இடத்திலிருந்த கஞ்சியும் சாயமும் ஓரத்துக்கு ஒதுங்கி நின்றிருக்கிறது. குங்குமமும் மஞ்சளும் வேறு கதை: மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் சிவக்கும். திட்டு செம்மண் நிறத்தில் இருந்தால் யாரோ சோப்புப் போட்டிருக்கிறார்கள்.

சீனிக் கறையில் முழுப் பழியையும் கடைமேல் போட முடியாது. ஆனால் “கல்யாணத்தில் கட்டிய சேலை” என்று சொல்லிக் கொடுத்திருந்தால், மெஷினில் போடுமுன் இந்த இடங்களைத் தேடி, தண்ணீர் வகை மருந்தால் தனியாக எடுத்திருக்க வேண்டும். இப்போதும் அனுபவமுள்ள ஒருவர் ஓரளவு எடுக்கலாம். மாதங்கள் போனால் அதுவும் கடினம்.

முந்தானை வெளிறலைக் கைபேசிக் கமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். சாயம் போன இடமென்றால் இழை வழவழப்பாகவே இருக்கும், நிறம் மட்டும் குறைந்திருக்கும். அதற்குப் பதிலாகப் பஞ்சு போல நுண்ணிய மயிர்கள் எழும்பி நின்றால், ஈரமான பட்டுத் துணியைப் பிரஷ்ஷாலோ வேறு துணியாலோ தேய்த்திருக்கிறார்கள். நனைந்த பட்டு பலம் குறைந்தது. தேய்த்தால் இழை பிளந்து, வெளிச்சம் சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. சாயம் உள்ளேயே இருக்கிறது, ஆனாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியில்லை. கல்யாண மண்டபத்தில் யாராவது ஈரக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார்களா என்று வீட்டில் முதலில் விசாரியுங்கள். அப்படி இல்லையென்றால் இது கறை எடுத்தவரின் கைவேலை. உங்கள் வழக்கில் பலமான புள்ளி இதுதான்.

இன்னொரு சாட்சியையும் பாருங்கள். சேலையின் கீழ் விளிம்பில் தைத்த ஃபோல்ஸ் துணி பருத்தியா? ட்ரை கிளீனிங்குக்கு என்று காசு வாங்கிவிட்டுத் தண்ணீரில் துவைத்திருந்தால், பருத்தி சுருங்கி, தையல் நீளம் முழுக்கப் பட்டு சுருக்கம் சுருக்கமாக இழுபட்டு நிற்கும். பட்டின் மொடமொடப்பும் போய்த் தொய்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்திருந்தால், கொடுத்த வேலையையே செய்யவில்லை என்று நேராகக் கேட்கலாம்.

சரிகையில் மங்கல் எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். சேலை முழுக்க ஒரே சீராகக் கறுத்திருந்தால், சரிகையில் உள்ள வெள்ளி ஈரக் காற்றிலும் கந்தகத்திலும் மங்கியது. மூன்று கிழமை பொலித்தீனுக்குள் ஈரத்தோடு கிடந்ததும் காரணமாகலாம், அலுமாரியும் காரணமாகலாம். மடிப்புக் கோட்டிலோ அயன் பெட்டியின் வடிவிலோ மட்டும் இருந்தால் சூடு. பிளாஸ்டிக் சரிகை என்றால் மங்காது, சுருண்டு கரகரக்கும். இழைகள் கொக்கி போல வெளியே இழுபட்டிருந்தால் வலைப் பையில் போடாமல் மற்ற உடுப்புகளோடு சுழற்றியிருக்கிறார்கள். வெள்ளி துலக்கும் மருந்து எதையும் சரிகையில் பூசவிடாதீர்கள்.

இனி பில்லின் பின்பக்கம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி, காசு வாங்கிச் செய்யும் சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படும் என்ற உத்தரவாதம், எழுதாவிட்டாலும் இருக்கிறது. கவனக்குறைவுக்கான பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வாசகம் நியாயமானதா என்று பார்க்க 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் இருக்கிறது. அச்சடித்த ஒரு வரியோடு கதை முடிந்துவிடாது. “கொழும்பில்தான் நடந்தது” என்பதும் உங்களுக்கான பதிலல்ல. உங்களிடம் சேலையையும் காசையும் வாங்கியவர்தான் உங்களுக்குப் பொறுப்பு. அவர் கொழும்போடு பேசிக்கொள்ளட்டும்.

கடைக்குக் கடிதம் கொடுங்கள். பில் இலக்கம், கொடுத்த, வாங்கிய திகதிகள், சேலை வாங்கிய விலை, ஒவ்வொரு சேதமும் எத்தனை அங்குலம் என்று எழுதி, படங்களை இணைத்து, பதினான்கு நாளில் பதில் கேளுங்கள். பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கேட்பதைப் பிரித்துக் கேட்பது நல்லது: வாடைக்கும் பழுப்புத் திட்டுக்கும் இலவசமாகத் திரும்பச் செய்துதருவது, முந்தானைக்கு நட்டஈடு. ஒருமுறை கட்டிய சேலைக்குப் புது விலை முழுவதும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ட்ரை கிளீனிங் கூலியை மட்டும் திருப்பித் தந்து அனுப்பப் பார்த்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். திரும்பக் கொடுக்கும்போது, எந்த இடத்தில் என்ன செய்யப்போகிறார்கள் என்று எழுதி வாங்கிய பிறகே சேலையை ஒப்படையுங்கள். ப்ளீச் கூடவே கூடாது: குளோரின் ப்ளீச் பட்டு இழையையே அரித்துவிடும்.

பதில் வராவிட்டால் 1977 என்ற இலக்கத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை அழைத்து வழி கேட்கலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில் போக வேண்டும், சேவை பெற்று மூன்று மாதத்துக்குள். கடைக்காரரோடு பேசிப் பேசி நாளைக் கடத்துபவர்கள் தவறவிடுவது இந்தத் தவணையைத்தான். சமரசமாக முடிக்க விரும்பினால் மத்தியஸ்த சபையும் இருக்கிறது.

அடுத்த முறை கொடுக்கும்போது கறை இருக்கும் இடங்களை, கண்ணுக்குத் தெரியாத சோடாக் கறை உட்பட, நூல் கோத்து அடையாளம் வைத்து, பில்லிலும் எழுதவையுங்கள். ரவிக்கையைச் சேலையோடு சேர்த்தே கொடுங்கள். தனித்தனியாகப் போனால் நிறம் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகலாம். திரும்பி வந்ததும் கடையிலேயே முழுதாக விரித்துப் பார்த்துவிட்டு மிச்சக் காசைக் கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பொலித்தீனைக் கழற்றி, துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள். பூச்சி உருண்டை சரிகையில் படக்கூடாது.